டேக் ஆஃப் தூரம் ஒத்துவராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை தேடுதல்

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சுபாங் விமான நிலையத்தில் காலை ஏழரை மணி. வெயில் இன்னும் உறைக்கத் தொடங்கவில்லை. ஓடுபாதை ஓரத்தில் நாங்கள் நட்டு வைத்திருந்த காற்றுமானியின் கிண்ணங்கள் கடமைக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய எட்டு டன் எடையுள்ள இரட்டை எஞ்சின் டர்போப்ராப் விமானம். தூரம் அளக்கும் சோதனைக்காக ஆறு டேக் ஆஃப். ஐந்து ஓட்டங்களில் தரையோட்டம், அதாவது பிரேக் விட்டதிலிருந்து சக்கரம் தரையை விடும்வரை ஓடிய தூரம், 730 மீட்டரை ஒட்டியே வந்தது. ஐந்தாவது ஓட்டம் மட்டும் 812. எடைத் திருத்தம் போட்ட பிறகும் அதே 812. தரவு பார்க்கும் தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "அண்ணே, இந்த அஞ்சாவதத் தூக்கிடலாமா?" என்று கேட்டான். அடுத்த மூச்சிலேயே, "பைலட் சரியா ஓட்டல போல" என்றும் சொன்னான்.

இரண்டுமே தப்பு. காரணம் எழுத முடியாத ஓட்டத்தை அழிக்கக் கூடாது. காரணம் தெரியாதபோது பைலட்டின் தலையில் கட்டவும் கூடாது. அன்றைக்கு உட்கார்ந்து தேடியதையும், அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்த பிழைகளையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு படம் போட வேண்டும்.

முதலில் போட வேண்டிய படம்

கிடை அச்சில் ஓடிய தூரம், செங்குத்து அச்சில் தரைவேகத்தின் வர்க்கம். அவ்வளவுதான். முடுக்கம் மாறாமல் இருந்தால் இது நேர்கோடாக வரும். கோட்டின் சாய்வில் பாதிதான் முடுக்கம். நிஜ விமானத்தில் கோடு மேலே போகப் போக லேசாகப் படுக்கும். வேகம் கூடக் கூடப் புரொப்பெல்லரின் இழுவிசை குறைகிறது, காற்றுத்தடை ஏறுகிறது, அதனால்தான். அந்த மெல்லிய வளைவைத் தவிர வேறு எந்த முறிவு, படி, அலை தெரிந்தாலும் அது ஒரு கதை சொல்கிறது.

கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே விமானத்தை வைத்துக்கொள்வோம். தரையை விடும் வேகம் 110 நாட், அதாவது வினாடிக்கு 56.6 மீட்டர். சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 2.2 மீட்டர். தரையோட்டம் சுமார் 728 மீட்டர், நேரம் 26 வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த நான்கு எண்களும் மனத்தில் இருந்தால், எந்தப் பிழை எத்தனை மீட்டர் பெறும் என்று கால்குலேட்டர் இல்லாமலே ஊகிக்கலாம்.

அறிகுறி: ஒரே காலை, ஒரே விமானம், ஒரு ஓட்டம் மட்டும் நீளுகிறது

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பிரேக் விட்ட கணத்தை. பைலட் நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே விமானம் ஊர்ந்திருக்கலாம், அல்லது அழுத்திய பிறகும் நின்றிருக்கலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதில் நேரம் நிறையப் போகும், தூரம் அவ்வளவு போகாது. உதாரணமாக, எஞ்சின் 6 வினாடியில் சீராக ஏறி முழு விசைக்கு வருகிறது என்று வையுங்கள். முழு விசையோடு கிளம்பிய ஓட்டத்தோடு ஒப்பிட்டால் 3 வினாடி வீண். தூரத்திலோ 3 மீட்டர் சொச்சம்தான் கூடும், ஏனென்றால் அந்த நேரத்தில் விமானம் நகர்வதே கொஞ்சம். ஆரம்ப நேரத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். நேரத்தை விட்டுவிடுங்கள், வேக வர்க்கக் கோட்டைப் பூஜ்ய வேகம் வரை பின்னோக்கி நீட்டினால் தொடக்கப் புள்ளி தானாகக் கிடைத்துவிடும்.

தூரத்தைத் தின்பது வேறொன்று: வேகம் பிடித்த பிறகும் பவர் முழுதாக அமையாமல் இருப்பது. டர்போப்ராப்பில் இது வெகு சாதாரணம். ஏறக்குறைய சரியான டார்க்கோடு (எஞ்சின் தரும் முறுக்குவிசை) பிரேக்கை விட்டுவிட்டு, மிச்சத்தை ஓடும்போது சரிசெய்வார்கள். ஐந்தாவது ஓட்டத்தின் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 45 நாட் வரை சாய்வு 1.7 முடுக்கத்தைக் காட்டியது; அங்கே ஒரு முறிவு; அதற்கப்புறம் மற்ற ஐந்தைப் போலவே 2.2. கணக்குப் போட்டால், 45 நாட்டை எட்ட 122 மீட்டருக்குப் பதில் 158 மீட்டர். 36 மீட்டர் இங்கே போய்விட்டது. விமானியறை ஒலிப்பதிவைக் கேட்டோம். பின்னால் ஒரு பயணிகள் விமானம் காத்திருந்ததால் சீக்கிரம் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். பைலட் சொன்னதைச் செய்தார். நிற்கும்போதே பவரை முழுதாக அமைத்து, இரண்டு வினாடி பார்த்து, அப்புறம் பிரேக்கை விடு என்று சோதனை அட்டையில் நாங்கள்தான் எழுதியிருக்கவில்லை.

முறிவு இல்லாமல் கோடு முழுவதுமே தாழ்ந்த சாய்வோடு போனால் பவரை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் முழுதாக விடுபடாமல் உரசலாம், டயரில் காற்று குறைவாக இருக்கலாம். பிரேக் வெப்பநிலைப் பதிவு இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அறிகுறி: கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன காற்று ஒன்றுதான், தூரம் மட்டும் வேறு

ஐந்தாவது ஓட்டத்தில் இன்னும் 46 மீட்டர் பாக்கி இருந்தது. கோபுரம் ஆறு ஓட்டத்துக்கும் எதிர்க்காற்று 3 நாட் என்றே சொல்லியிருந்தது.

விமானிக்குக் கோபுரம் சொல்லும் காற்று இரண்டு நிமிடச் சராசரி. வானிலை அறிக்கையில் வருவது பத்து நிமிடச் சராசரி. உங்கள் ஓட்டமோ 26 வினாடி. போதாததற்கு, விமான நிலையக் காற்றுமானி நிற்பது 10 மீட்டர் உயரத்தில், நீங்கள் ஓடும் இடத்திலிருந்து தள்ளி. பொதுவாகப் பயன்படுத்தும் ஏழில் ஒரு பங்கு அடுக்கு விதிப்படி, 10 மீட்டரில் அடிக்கும் காற்றில் 80 விழுக்காடுதான் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதுகூட நன்றாகக் கலந்த பகல் காற்றுக்குத்தான் பொருந்தும். கிள்ளான் பள்ளத்தாக்கில் விடிகாலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று படிந்து கிடக்கும். கீழே இலை அசையாது, பத்து மீட்டரில் காற்று ஓடிக்கொண்டிருக்கும். காலை ஆறரை, ஏழு மணிக்கு அமைதியாக இருக்கிறது என்று நாம் சோதனையை வைத்துக்கொள்கிறோம். அந்த அமைதி எத்தனை உயரம் வரை என்று கேட்பதில்லை.

எங்கள் சிறிய கம்பத்தின் பதிவைப் பிரித்தோம். மற்ற ஐந்து ஓட்டங்களில் 3 நாட்டை ஒட்டி இருந்தது. ஐந்தாவதில் கிண்ணம் நின்றே போயிருந்தது.

3 நாட் என்றால் அலட்சியமாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். காற்றில்லாத தூரத்தைப் பெற, அளந்த தூரத்தை ஒரு காரணியால் பெருக்க வேண்டும்: எதிர்க்காற்றைத் தரைவேகத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 1.85 அடுக்குக்கு உயர்த்துவது. முடுக்கம் மாறாததாக இருந்தால் அடுக்கு சரியாக 2 வந்திருக்கும். காற்றுவேகம் ஏற ஏற முடுக்கம் குறைவதால் எதிர்க்காற்று தரும் லாபத்தில் கொஞ்சம் திரும்பப் போய்விடுகிறது, அதனால் 1.85. நம் விமானத்துக்கு 3 நாட் எதிர்க்காற்றில் தரைவேகம் 107, காரணி 1.052. 730 மீட்டரில் 38 மீட்டர். பாக்கி 46-ல் 38 போனது.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: கம்பம் ஓடுபாதையின் ஓரத்தில், தரையை விடும் இடத்துக்கு அருகில், இறக்கையின் உயரத்தில் நிற்க வேண்டும். பதிவு வினாடிக்கு ஒன்று. கோபுரத்தின் எண்ணை அனுமதிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், கணக்குக்கு அல்ல.

அறிகுறி: ஒரு திசையில் குறைவு, எதிர்த்திசையில் கூடுதல்

சுபாங்கின் ஓடுபாதை 15/33, ஒரே பாதையின் இரு திசைகளுக்கும் ஒவ்வொரு எண். இரண்டு பக்கமிருந்தும் ஓடிப் பார்த்து, வித்தியாசம் காற்றோடு சேர்ந்து மாறுகிறதா, காற்றில்லாத ஓட்டத்திலும் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். மாறினால் காற்று. நின்றால் ஓடுபாதையின் சரிவு. 0.3 விழுக்காடு சரிவு நம் விமானத்துக்கு முடுக்கத்தில் 1.3 விழுக்காடு, ஒரு திசைக்கு 10 மீட்டர், இரண்டு திசைக்கும் இடையே 20. விமான நிலையத் தகவல் ஏட்டில் இருப்பது இரு முனைகளுக்கும் இடையிலான சராசரி சரிவு. நீங்கள் பயன்படுத்துவது ஓடுபாதையின் முதல் 800 மீட்டர் மட்டுமே என்றால் அந்தப் பகுதியின் சரிவுதான் வேண்டும். காரின் கூரையில் ஜிபிஎஸ் வைத்து ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், போதும்.

அறிகுறி: எல்லா ஓட்டமும் ஒரே அளவு தள்ளி வருகிறது

ஒன்று மட்டும் தப்பினால் நிகழ்வைத் தேடுங்கள். எல்லாம் சேர்ந்து தப்பினால் கடிகாரத்தைத் தேடுங்கள்.

ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் 2017 ஜனவரி 1 முதல் 18 வினாடி வித்தியாசம். ஜிபிஎஸ் பெட்டி ஒரு நேரத்தையும் விமானத்தின் பதிவுப்பெட்டி மற்ற நேரத்தையும் பயன்படுத்தினால் 18 வினாடி இடறும். அது நல்ல பிழை. 26 வினாடி ஓட்டத்தில் 18 வினாடி தள்ளினால் படமே கோமாளித்தனமாக இருக்கும், யாரும் ஏமாற மாட்டார்கள். கெட்ட பிழை எது தெரியுமா? பழைய மென்பொருள் 17 வினாடி என்று திருத்துவது. 2015 ஜூலை முதல் 2016 முடியும் வரை அதுதான் சரியான எண். அந்தக் காலத்தில் எழுதி, அப்புறம் யாரும் தொடாத ஒரு நிரல் எங்கள் கணினியில் இருந்தது. மிச்சம் நின்றது 1 வினாடி. படம் அழகாகத் தெரியும், வளைவு இயல்பாக இருக்கும், தரையை விடும் புள்ளி மட்டும் 56 மீட்டர் நகர்ந்திருக்கும். மூன்று நாள் எஞ்சினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சோதிக்கும் வழி எளிது. முடுக்கமானியின் பதிவைத் தொகையிட்டு வேகம் எடுங்கள். ஜிபிஎஸ் வேகத்தின் மேல் வையுங்கள். பிரேக் விட்டதும் இரண்டும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் எத்தனை வினாடி என்று அங்கேயே அளந்துவிடலாம்.

அதே படத்தில் இன்னொன்றும் தெரியும். இரண்டு வேகமும் ஒன்றாகக் கிளம்பி, போகப் போக விலகினால் முடுக்கமானி சாய்ந்திருக்கிறது. ஒரு பாகை சாய்வு புவியீர்ப்பிலிருந்து 0.17-ஐக் கொண்டுவந்து முடுக்கத்தில் சேர்த்துவிடும். 2.2-ல் 0.17 என்றால் ஏறக்குறைய 8 விழுக்காடு. 26 வினாடியில் 56 மீட்டர். பவர் கொடுத்ததும் முன்சக்கரத் தண்டு நீளுவதும் அமுங்குவதும் இந்தச் சாய்வைக் கொண்டுவரும். விமானம் நிற்கும்போது பூஜ்யம் பார்த்துவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. (மேலே 1 வினாடிக்கும் 56, இங்கே ஒரு பாகைக்கும் 56. தற்செயல்தான். ஆனால் ஒரே எண்ணைப் பார்த்துவிட்டுத் தப்பான குற்றவாளியைப் பிடித்த அனுபவமும் உண்டு.)

அறிகுறி: மொத்தத் தூரம் சரி; தரையோட்டம் குறைவு, வான்தூரம் அதிகம்

அல்லது நேர்மாறாக. (வான்தூரம் என்பது தரையை விட்ட இடத்திலிருந்து, குறித்த உயரத்தை எட்டும் இடம் வரை.) மொத்தம் சரியாக இருந்து பங்கு மட்டும் தப்பினால், தரையை விட்ட கணத்தை நீங்கள் தப்பாகக் குறித்திருக்கிறீர்கள். பெரும்பாலும், சக்கரத்தில் எடை இருக்கிறதா என்று சொல்லும் சக்கரச் சுமை சுவிட்சின் வேலை. இறக்கை எடையைத் தாங்கத் தொடங்கியதும் தண்டு நீளும். டயர் இன்னும் தரையில் உருண்டுகொண்டிருக்கும்போதே சுவிட்ச் "வானில்" என்று சொல்லிவிடும். ஒட்டிக்கொள்ளும் சுவிட்ச் என்றால் தாமதமாகச் சொல்லும். அரை வினாடி என்றால் 28 மீட்டர்.

சக்கரச் சுழற்சி வேகம் பதிவாகியிருந்தால் அதை நம்புங்கள். டயர் தரையில் இருக்கும்வரை சுழற்சி ஏறிக்கொண்டே போகும். தரையை விட்டதும் ஏறுவது நின்று மெதுவாக இறங்கத் தொடங்கும். அந்த உச்சிதான் நீங்கள் தேடும் கணம். சக்கர வேகம் இல்லையென்றால், செங்குத்து முடுக்கமானியில் ஓடுபாதையின் அதிர்வு சட்டென்று அடங்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணால் பார்க்கவே தெரியும், கொட்டிக்கொண்டிருந்த மழை தகரக் கூரையில் நின்றது போல. அதுவும் இல்லையென்றால் பழைய முறை: ஓரத்தில் ஒரு கேமரா, ஓடுபாதை விளிம்பு விளக்குகளை அளவுகோலாக வைத்துக்கொள்வது. கருவி வழி இறங்கும் ஓடுபாதைகளில் விளக்குகளின் இடைவெளி 60 மீட்டருக்கு மேல் போகாது. ஆனால் எல்லா இடத்திலும் சரியாக 60 இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். குறுக்குப் பாதைகள் வரும் இடத்தில் மாறும். முன்கூட்டியே அளந்து வையுங்கள்.

அறிகுறி: 35 அடியைத் தாண்டும் இடம் ஓட்டத்துக்கு ஓட்டம் குதிக்கிறது

பெரிய பயணிகள் விமானங்களுக்கு டேக் ஆஃப் தூரம் 35 அடி உயரத்தில், அதாவது 10.7 மீட்டரில் முடிகிறது. சிறிய விமானங்களுக்கு நெடுங்காலமாக 50 அடி, 15.2 மீட்டர். எந்த விதியின்கீழ் சோதிக்கிறீர்கள் என்று முதலில் உறுதி செய்யுங்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு ஒரு பகல் முழுவதும் மண்டையை உடைத்த பிறகு ஒன்று 35, மற்றொன்று 50 என்று கண்டுபிடித்திருக்கிறோம்.

சரி, அது இல்லையென்றால், யாருடைய உயரம்? விதிக்குத் தேவை விமானத்தின் மிகத் தாழ்ந்த பகுதியின் உயரம். ஜிபிஎஸ் ஆண்டெனாவோ கூரையில், முதன்மைச் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். ஆண்டெனா சக்கரத்துக்கு 6 மீட்டர் முன்னால் இருந்து, மூக்கு 10 பாகை தூக்கினால், சக்கரம் தரையிலேயே இருக்க ஆண்டெனா மட்டும் 1 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். அந்த இடத்தில் ஏற்றச் சரிவு 8 விழுக்காடு என்றால், உயரத்தில் 1 மீட்டர் பிழை நீளத்தில் 12 மீட்டருக்கு மேல். மூக்குத் தூக்கும் கோணம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால் பிழையும் மாறி, குதிப்பதுபோல் தெரிகிறது. ஒவ்வொரு கணத்துக்கும் சாய்வுக் கோணத்தை வைத்து ஆண்டெனாவிலிருந்து சக்கரத்துக்கு உயரத்தை மாற்றினால் பாதிப் பிரச்சினை ஓடிவிடும்.

காற்றழுத்த உயரமானியை இந்த இடத்தில் நம்பவே வேண்டாம். மூக்கைத் தூக்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் நிலையழுத்தத் துளையைச் சுற்றிய காற்றோட்டம் மாறுகிறது; தரைக்கு அருகில் இருப்பதும் அதைக் கெடுக்கிறது. விமானம் ஓடுபாதைக்குள் புதைந்து பிறகு எழுந்ததுபோல் பதிவு காட்டும். அதைப் பார்த்து ஒரு புதியவர் பயந்துபோன கதை எங்கள் இடத்தில் இன்னும் ஓடுகிறது.

அறிகுறி: பொழுது சாய்ந்ததும் ஜிபிஎஸ் துள்ளுகிறது

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகைதான் வடக்கே. புவிக்காந்த நடுக்கோட்டுக்கும் பக்கம்தான். சூரியன் மறைந்த பிறகு இங்கே அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ் அலையை மினுமினுக்க வைக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் தொல்லை கூடும். சென்டிமீட்டர் துல்லியத்தில் போய்க்கொண்டிருந்த நிலை, கணத்தில் மீட்டர்க் கணக்கில் தாவும். ஆண்டெனாவை மாற்றுவது, கேபிளைக் குறை சொல்வது எதுவும் பயன்படாது. ஜிபிஎஸ் திருத்தம் அனுப்பும், நில அளவைத் துறையின் மைஆர்டிகேநெட் தரை நிலையங்களோடு இணைந்திருந்தாலும் இந்தத் தொல்லை விடாது. காலையில் பறந்துவிடுங்கள். மாலைதான் கிடைத்தது என்றால், ஜிபிஎஸ்ஸோடு நிலைமத் தளத்தையும் (முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவி) சேர்த்துப் பதிந்து, பிறகு முன்னும் பின்னுமாகக் கணக்கிட்டுச் சீர்செய்யுங்கள்.

அறிகுறி: காலையில் ஒரு தூரம், பதினொரு மணிக்கு ஒரு தூரம், திருத்திய பிறகும்

ஓட்டம் போகப் போகத் தூரம் குறைந்தால் எரிபொருள் எடை. தூரம் எடையோடு நேர்விகிதத்தில் போவதில்லை. ஜெட்டுக்கு எடையின் ஏறக்குறைய 2.3-ஆம் அடுக்கு, புரொப்பெல்லருக்கு இன்னும் சற்றுக் கூட. எடை கூடினால் தரையை விடும் வேகமும் கூட வேண்டியிருக்கிறது, முடுக்கமும் குறைகிறது, இரண்டு பக்கமும் அடி. எட்டு டன்னில் 80 கிலோ எரிந்தால் ஒரு விழுக்காடு; தூரத்தில் 17 மீட்டர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எரிபொருள் எண்ணைத் தனியாக எழுதாமல் காலை எடையையே எல்லாவற்றுக்கும் போட்டால் இப்படித்தான் வரும்.

தூரம் கூடிக்கொண்டே போனால் வெப்பம். இங்கே பிழை பெரும்பாலும் வெப்பமானி இருக்கும் இடத்தில். நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்ற விமானத்தின் வெப்ப உணரி, தார் கக்கும் சூட்டைக் குடித்துக்கொண்டு உண்மையைவிட 5 பாகை கூடச் சொல்லும். காற்றடர்த்தியில் அது 1.6 விழுக்காடு. ஓடி, காற்று பட்டு, உணரி ஆறிய பிறகு வரும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒன்று ஈரப்பதம். பெரும்பாலான சூத்திரங்கள் காற்றை உலர்ந்ததாகக் கொள்கின்றன. 33 பாகை வெப்பம், பனிப்புள்ளி 24 பாகை. கோலாலம்பூரில் சாதாரண நண்பகல். அந்த ஈரமே காற்றடர்த்தியை 1.1 விழுக்காடு குறைத்துவிடும், வெப்பம் 3.5 பாகை கூடினதற்குச் சமம். வெப்பத்தையும் சேர்த்தால், கடல்மட்டத்திலிருந்து 90 அடி உயரத்தில் இருக்கும் சுபாங்கில் விமானம் 2,000 அடிக்கு மேலான மலைத்தளத்தில் ஓடுவதுபோல் ஓடும். குளிர்நாட்டில் எழுதிய நிரலை அப்படியே கொண்டுவந்து இங்கே ஓட்டினால் ஒரு விழுக்காடு எப்போதும் இடறிக்கொண்டே இருக்கும்.

அழுத்தத்தில் ஒரு சின்னப் பொறி. கோபுரம் சொல்வது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். சூத்திரத்துக்கு வேண்டியது ஓடுபாதையில் இருக்கும் அழுத்தம். 90 அடியில் வித்தியாசம் 0.3 விழுக்காடு, கண்ணில் படாது. அதே நிரலை உயரமான விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் பூதம் வெளியே வரும்.

அறிகுறி: மூக்கைத் தூக்கும் வேகம் ஒவ்வொரு முறையும் 2 நாட் தாமதம்

விமானம் வினாடிக்கு 4 நாட்டுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. வேகத்தைப் பார்த்துச் சொல்பவர், கேட்டு இழுப்பவர், குழாயில் அழுத்தம் வந்து சேரும் தாமதம், எல்லாம் சேர்ந்து அரை வினாடி ஆனால் 2 நாட். வேகத்தில் 2 விழுக்காடு, தூரத்தில் 4 விழுக்காடு. முன்கூட்டிச் சொல்லப் பழகுங்கள், அவ்வளவுதான். தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும்வரை இது பெரிய சங்கதி இல்லை.

அறிகுறி: 35 அடியில் வேகம் இலக்கைத் தாண்டிக்கொண்டே போகிறது

இதுதான் என்னைத் தூங்கவிடாத அறிகுறி. எஞ்சின் ஒன்று செயலிழந்ததாக வைத்து ஓடும் சோதனைகளில், 35 அடியில் எட்ட வேண்டிய வேகம் வி2. ஒவ்வொரு ஓட்டத்திலும் விமானம் அதைத் தாண்டிவிடுகிறது. அதனால் தூரம் நீளுகிறது. இயல்பான எண்ணம் என்ன? பைலட் மூக்கை மெதுவாகத் தூக்குகிறார், இன்னும் வேகமாக, இன்னும் கூடத் தூக்கச் சொல்லு. எண் ஒத்துவந்துவிடும்.

2011 ஏப்ரல் 2. நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 என்ற ஜெட் விமானம் இதே மாதிரியான டேக் ஆஃப் செயல்திறன் சோதனையில் இருந்தது. வலது எஞ்சினைத் தணித்து, ஓட்டத்தைத் தொடர்ந்து, மூக்கைத் தூக்கினார்கள். தரைக்கு அருகிலேயே வலது இறக்கை ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்து, முனை ஓடுபாதையில் உரசியது. விமானத்தில் இருந்த இரண்டு பைலட்டுகளும் இரண்டு சோதனைப் பொறியாளர்களும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை சொன்னது சுருக்கமாக இது: இலக்கு வி2 வேகமே தப்பாக, மிகக் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது, அந்த வேகத்தை எட்டியே தீர வேண்டும் என்று திரும்பத் திரும்ப முயன்றார்கள். தரைக்கு அருகே இறக்கை, திறந்த வானத்தைவிடக் குறைந்த கோணத்திலேயே ஸ்டால் ஆகும். அந்தக் குறைவைச் சரியாக மதிப்பிடவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் இரண்டு தடவை இறக்கை தானாகச் சரிந்திருந்தது. அந்த இரண்டும் முறையாக ஆராயப்படவில்லை.

அந்த இரண்டு பறப்புகளும் யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் ஒத்துவராத கோடுகளாக இருந்திருக்கும்.

ஆகவே 35 அடியில் வேகம் தாண்டினால், உத்தியை மாற்றச் சொல்லும் முன் இலக்கைச் சந்தேகப்படுங்கள். தாக்குகோணப் பதிவை (இறக்கை எதிர்வரும் காற்றைச் சந்திக்கும் கோணம்) எடுத்து, தரைக்கு அருகே ஸ்டால் ஆகும் கோணத்துக்கு எவ்வளவு நெருங்கினோம் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுதுங்கள். இறக்கை பக்கவாட்டில் சரியும் கோணத்தில் பைலட் கேட்காத ஒரு திடீர் அசைவு, அரை வினாடிதான் என்றாலும், வந்திருந்தால் அன்றைய பறப்பை நிறுத்துங்கள். காரணம் தெரிந்த பிறகுதான் அடுத்த ஓட்டம். இதில் மட்டும் தம்பி, அண்ணன், மேலாளர் என்ற பேச்சே இல்லை. யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எங்கள் அட்டையின் மேலே அச்சடித்திருக்கிறோம்.

ஐந்தாவது ஓட்டத்துக்கு வருவோம். அன்று பத்து மணிக்கு வெயில் ஏறிக் காற்று குழம்பத் தொடங்கியதும் பறப்பை முடித்துக்கொண்டு, வெளியே ஒட்டுக்கடையில் பசியாறப் போனோம். ரொட்டி சானாய் வந்தது, தே தாரிக் ஆறியது, தம்பி இன்னும் மடிக்கணினியை மூடவில்லை. 82 மீட்டரில் பவருக்கு 36, காற்றுக்கு 38. "மிச்சம் 8 இருக்கு அண்ணே, அதயும் காத்துல சேத்துட்டா சமமாயிடும்" என்றான். வேண்டாம் என்றேன். அறிக்கையில் அவன் கையாலேயே எழுதினான்: ஓட்டம் 5, பவர் முழுதாக அமைந்தது 45 நாட்டில், பாதையோரக் காற்று பூஜ்யம், விளக்கப்படாத மிச்சம் 8 மீட்டர், ஓட்டம் நீக்கப்படவில்லை.